உங்களுக்குத் தெரியுமா? செவ்வாய்ப் பாறைக்குள் சாம்பல் நிறமும் உண்டு!

செவ்வாய்க்குச் ‘சிவப்புக் கோள்’ என்று பெயர். ஆனால், மேல்தோலைச் சற்றே குடைந்தால் சில இடங்களில் கதை வேறு!

செவ்வாயின் கேல் பள்ளத்தில் உலவும் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி, 2013 மே மாதம் ‘கம்பர்லேண்ட்’ என்ற பாறையில் துளை போட்டது. அகலம் வெறும் 1.6 செ.மீ.; நம் விரல் நுழையும் அளவு. துளையிலிருந்து வந்த தூளோ சாம்பல் நிறம்! மேலே படிந்திருப்பதுதான் துருவேறிய செந்தூசி. உள்ளே இருப்பது, பழங்கால ஏரியின் சேறு இறுகி உருவான பாறை.

அந்தத் தூளை ஊர்திக்குள்ளேயே இருக்கும் ‘சாம்’ ஆய்வுக்கூடத்தின் குட்டி அடுப்பில் சூடாக்கி, கிளம்பும் வாயுவில் கரிமச் சேர்மங்கள் (கார்பன் அடிப்படையிலானவை) உண்டா என்று ஆராய்கிறார்கள். இதில் ஒரு வில்லன் உண்டு: செவ்வாய் மண்ணில் கலந்திருக்கும் பெர்குளோரேட் உப்பு. சூடேறியதும் இது ஆக்சிஜனை வெளியிட்டு, தேடிவந்த கரிமச் சேர்மங்களையே எரித்துவிடும்.

அப்படியும் சில தப்பின. நாசா விஞ்ஞானி ஜெனிஃபர் ஐகன்பிரோடின் குழு, வேறு பாறைத் தூளை 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கியபோது, கந்தகம் கலந்த கரிம மூலக்கூறுகள் சிக்கின. அறிவிப்பு 2018-இல் வந்தது.

கம்பர்லேண்ட் தூளும் சும்மா இருக்கவில்லை. பிரெஞ்சு விஞ்ஞானி கரோலின் ஃப்ரெசினே குழு அதை மீண்டும் அலசியதில் டெக்கேன், அன்டெக்கேன், டோடெக்கேன் கிடைத்தன. டோடெக்கேனில் 12 கார்பன் அணுக்கள்! 2025-இல் இவை அறிவிக்கப்பட்டபோது, செவ்வாயில் அதுவரை கண்டறியப்பட்ட மிகப் பெரிய கரிம மூலக்கூறுகள் இவைதான்.