நாள் வட்டி, மாத வட்டி, ஆண்டு வட்டி: ஒப்பிடுவது எப்படி?

ஒரு கடன் செயலி நாளொன்றுக்கு 0.1 சதவீத வட்டி கேட்கிறது. நகைக்கடன் நிறுவனம் மாதத்துக்கு 2 சதவீதம். வங்கி ஆண்டுக்கு 12 சதவீதம். எவற்றில் வட்டி குறைவு?

ஒரு நாள் என்பது ஆண்டின் 1/365 பங்கு. ஒரு மாதம் 1/12 பங்கு. எனவே, நாள் வட்டியை 365-ஆலும் மாத வட்டியை 12-ஆலும் பெருக்க வேண்டும். வட்டி முதலுடன் சேராத நிலையில், செயலியின் ஆண்டு வட்டி 36.5 சதவீதம், நகைக்கடனுக்கு 24 சதவீதம். மிகச் சிறியதாகத் தோன்றிய எண்ணே மிக அதிகமானது.

ரூ.10,000-ஐ 30 நாள்களுக்குப் பெற்றால் வங்கி வட்டி, ஆண்டு வட்டி ரூ.1,200-இல் 30/365 பங்கு. அதாவது சுமார் ரூ.99. செயலிக்கோ ரூ.300. செயலி கட்டணமாக ரூ.500-ஐ முன்கூட்டியே பிடித்தால், கையில் கிடைக்கும் ரூ.9,500-க்கு மொத்தச் செலவு ரூ.800. ஆண்டுக் கணக்கில் இது 102 சதவீதத்தைத் தாண்டும்.

இதனால்தான், 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் புதிய சில்லறைத் தவணைக் கடன்களுக்கு, கட்டணங்களும் அடங்கிய ஆண்டு சதவீத விகிதத்தை (ஏபிஆர்) முக்கிய விவர அறிக்கையில் குறிப்பிடுவதை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியுள்ளது. கையெழுத்திடும் முன் ஒப்பிட வேண்டியது அந்த எண்ணையே.