நிழல் பார்க்கும் ஜோசியர்

தூர தேசத்துத் திருவிழாக்கள் – 7

அமெரிக்காவில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு பிட்ஸ்பர்க் என்றால் பென் ஹில்ஸ் வேங்கடேஸ்வரர் கோயில்தான். எழுபதுகளில் எழும்பிய கோயில். தரிசனம் முடித்து, கையோடு புளியோதரையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அங்கிருந்து வடகிழக்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் பங்க்சுடானி என்று ஒரு ஊர் வரும். ஆறாயிரம் பேர்கூட இல்லாத, நிலக்கரி தோண்டி வாழ்ந்த ஊர். பிப்ரவரி 2 ஞாயிற்றுக்கிழமையில் வந்த 2020-ம் வருடம் நான் அங்கே போவதாகச் சொன்னதும், நான் தங்கியிருந்த வீட்டு அம்மா ஆடிப்போய்விட்டார். “ஏங்க, இந்தக் குளிர்ல ஒரு எலியைப் பார்க்கவா நடுராத்திரி எழுந்து போறீங்க?”

எலி இல்லை, கிரவுண்ட்ஹாக். அணில் குடும்பத்துப் பிராணி. ஆனால் கொழுகொழுவென்று, குட்டை வாலும் குட்டைக் காலுமாக இருக்கும். வளை தோண்டுவதில் சூரன். காய்கறித் தோட்டம் போட்ட அமெரிக்கரிடம் இதைப் பற்றிக் கேட்டால் நல்ல வார்த்தை ஒன்றும் வராது. அந்தத் தோட்டத் திருடனுக்குத்தான் இந்த ஊரில் ராஜ மரியாதை. பெயர் பில். நான் போனபோது நகர நூலகத்திலேயே கண்ணாடி வைத்த அறை, கூடவே பில்லிஸ் என்று மனைவி. முதல் நாள் மாலை அங்கே போய் எட்டிப் பார்த்தேன். வைக்கோலுக்குள் சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. அது மெல்ல ஏறி இறங்கியது. அதற்கே குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள்.

நம்பிக்கை இதுதான்: பிப்ரவரி 2 காலையில் கிரவுண்ட்ஹாக் வெளியே வந்து தன் நிழலைப் பார்த்துவிட்டால் குளிர் இன்னும் ஆறு வாரம் நீடிக்கும். பார்க்காவிட்டால் வசந்தம் சீக்கிரமே வந்துவிடும். இது ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த வழக்கம். அதே தேதியில் வரும், மெழுகுவத்தி மந்திரிக்கும் கிறிஸ்தவத் திருநாளன்று வெயில் அடித்தால் குளிர் நீளும் என்பது ஐரோப்பியக் கிராமத்துக் கணக்கு. அங்கே நிழல் பார்க்கும் வேலை பேட்ஜருக்கு. பென்சில்வேனியாவில் திரும்பிய பக்கமெல்லாம் கிரவுண்ட்ஹாக்தான். வேலை அதற்குப் போயிற்று.

ஆனால் இந்த ஊர்க்காரர்கள் அதை முதலில் சந்தித்தது சாப்பாட்டுத் தட்டில். 1880-களில் இங்கே ஒரு கோஷ்டி கோடையில் கிரவுண்ட்ஹாக் வேட்டையாடி, சமைத்து, விருந்து வைத்துக் கொண்டாடியது. வோட்கா, பால், முட்டை, ஆரஞ்சுச் சாறெல்லாம் கலந்து ஒரு பானமும் உண்டு. ‘பங்க்சுடானி ஸ்பிரிட்’ பத்திரிகையில் வேலை பார்த்த கிளைமர் ஃப்ரீஸ் 1886-ல் இந்த நிழல் சமாசாரத்தை அச்சில் ஏற்றினார். அடுத்த வருடமே ஊருக்கு வெளியே காப்ளர்ஸ் நாப் என்ற மேட்டுக்கு முதல் யாத்திரை. தின்னப்பட்ட பிராணி ஜோசியரானது இப்படித்தான். அன்றிலிருந்து இன்றுவரை இருப்பது ஒரே பில் என்று ஊரார் சாதிக்கிறார்கள். காட்டில் கிரவுண்ட்ஹாக் ஆறு வருடம் வாழ்ந்தாலே பெரிது. பில் மட்டும் கோடைதோறும் ஒரு மிடறு அமுதம் குடிக்கிறாராம். மிடறுக்கு ஏழு வருட ஆயுள். சொல்கிறவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இராது.

மேட்டுக்கு பஸ்ஸில்தான் கொண்டுபோய் விடுகிறார்கள். அதிகாலை மூன்று மணிக்கே கூட்டம் நெருக்கியடித்து நிற்கிறது. கிரவுண்ட்ஹாக் தொப்பி, போல்கா பாட்டு, வாணவேடிக்கை. 1993-ல் இந்தத் திருவிழாவை வைத்து பில் மர்ரி நடித்த படம் வந்த பிறகுதான் கூட்டம் இப்படிப் பெருகியது. அந்தப் படத்தை எடுத்ததோ இல்லினாய் மாநிலத்து வுட்ஸ்டாக்கில். பங்க்சுடானிக்குக் கிடைத்தது பெயரும் நெரிசலும்.

ஏழேகால் மணிவாக்கில் கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்து, விழாவை நடத்தும் ‘உள்வட்ட’ப் பெரியவர்கள் மேடை ஏறினார்கள். கைத்தடியால் மேடையிலிருந்த மரக்கட்டையின் கதவைத் தட்டி, பில்லை வெளியே எடுத்து உயரத் தூக்கிக் காட்டினார்கள். கட்டையின் மேல் இரண்டு காகிதச் சுருள்கள். ஒன்றில் குளிர், ஒன்றில் வசந்தம். தலைவர் பில்லிடம் குனிந்து காதைக் கொடுத்தார். கிரவுண்ட்ஹாக் பாஷை அவருக்கு மட்டுமே புரியும்; அந்தச் சக்தி கைத்தடியில் இருக்கிறது. பிறகு ஒரு சுருளைக் காட்டினார். நம் ஊர் கிளி ஜோசியத்தில் கிளியாவது தானே சீட்டை எடுக்கும். இங்கே அந்தச் சிரமமும் இல்லை. நிழல் இல்லை, வசந்தம் சீக்கிரம் என்று அறிவித்ததும் எழுந்த கூச்சலில் பில் கொஞ்சம் நெளிந்தார்.

பலிக்குமா? அந்தச் சமயத்தில் அமெரிக்க அரசின் வானிலை அமைப்பு முந்தைய பத்து வருடங்களுக்குக் கணக்குப் பார்த்து, நாற்பது சதவீதம்தான் சரி என்றது. காசைச் சுண்டிவிட்டாலே ஐம்பது வரும். உள்வட்டத்தைக் கேட்டால் பில் தவறியதே இல்லை, தலைவர் கேட்டுச் சொன்னதில்தான் பிசகு என்பார்கள். இதைவிடப் பாதுகாப்பான ஜோசியத் தொழில் கிடையாது. எனக்கு இதில் கோபம் வரவில்லை. மேடையில் இருப்பவர்களும் கீழே நிற்பவர்களும் சேர்ந்து ஆடும் ஆட்டம் இது. நம்பச் சொல்லி யாரும் காணிக்கை கேட்பதில்லை. பிராணி நலக்காரர்கள் வெளிச்சத்துக்கும் கூச்சலுக்கும் அதை இழுத்துவராதீர்கள், ரோபோ பொம்மை வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அதில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன்.

காட்டு கிரவுண்ட்ஹாக் குளிர்காலம் முழுக்க வளைக்குள் உறங்கும். நிமிடத்துக்கு எண்பது முறை துடிக்கும் இதயம் ஐந்துக்கு இறங்கிவிடும். ஆனாலும் பிப்ரவரித் தொடக்கத்தில் ஆண்கள் எழுந்து வெளியே வருவது உண்மை. வானத்தைப் பார்க்க அல்ல. பக்கத்து வளைகளில் எங்கெங்கே பெண் இருக்கிறது என்று பார்த்துவைக்க.

அந்த வருடம் பில் சொன்னது பலித்தது. மார்ச் வழக்கத்தைவிட வெதுவெதுப்பாகவே இருந்தது. ஆனால் ஆறாவது வாரத்தில் கொரோனா வந்து ஊர் ஊராகக் கதவைச் சாத்தியது. 2021-ல் பொதுமக்களை விடவில்லை. மேட்டில் அட்டை உருவங்களை நிறுத்தி விழாவை முடித்தார்கள். அன்று பில் நிழலைப் பார்த்துவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிப்ரவரி 2 சனி, ஞாயிறில் வரும் வருடத்தைத் தவிர்த்துவிடுங்கள். வார நாளில் போனால் கூட்டம் குறைவாக இருக்கும். கெட்டியான பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், அறையை மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள். சின்ன ஊர், விடுதிகள் சொற்பம்.

(தொடரும்)