வறண்ட ஆற்றில் விரித்த பாய்

பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு அயல்நாடு சென்றவர்களுக்கு நண்பர்களே சுற்றம். நல்லது கெட்டது எதுவாயினும் முதலில் ஓடி வருபவர்கள் அவர்களே. ஓமான் நாட்டின் தலைநகராகிய மஸ்கட்டில் நாங்கள் வாழ்ந்த 11 ஆண்டுகளில் இதனைப் பலமுறை உணர்ந்தோம். அந்நண்பர்களோடு மலையடிவாரத்தில் கூடாரமடித்துத் தங்கிய ஓர் இரவை மட்டும் இன்றளவும் நாங்கள் மறக்கவில்லை. பிள்ளைகளோடு வெளியூர் செல்லும் குடும்பத்தினர்க்குப் பயன்படும் என்று கருதி அதனை இங்கே எழுதுகிறோம்.

அந்நாட்டில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஞாயிறு வேலை நாள். ஆகவே எங்களில் பெரும்பாலோர் வெள்ளிக்கிழமையன்றே திருப்பலிக்குச் செல்வோம். மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை திருப்பலி முடிந்ததும், நான்கு குடும்பத்தினர் மூன்று வண்டிகளில் புறப்பட்டோம். எட்டுப் பிள்ளைகள், அவர்களோடு, தென்காசியிலிருந்து மகனைக் காண வந்திருந்த நண்பரின் தாயாரும் சேர்ந்துகொண்டார். பிள்ளைகள் அவரை ஆச்சி என்று அழைத்தமையால் எங்கள் எல்லோருக்கும் அவர் ஆச்சி ஆனார்.

மணற்படுகையில் ஒரு மாலை

ஓமானின் வடபகுதியில் ஹஜர் மலைத்தொடர் நெடுஞ்சுவர்போல் நிற்கிறது. அதன் உயர்ந்த சிகரமாகிய ஜெபல் ஷம்ஸ் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரமுள்ளது. மலையிலிருந்து இறங்கும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளை அரபு மொழியில் ‘வாதி’ என்பர். ஆண்டின் பெரும்பகுதி அவற்றில் நீர் இராது. மஸ்கட்டில் ஓராண்டில் பெய்யும் மழையே சுமார் 100 மில்லிமீட்டர்தான். வெயில் தணிந்த மாதங்களில் மக்கள் மலைப்புறத்திலும் கடற்கரையிலும் கூடாரமடித்து இரவு தங்குவது அங்கே வழக்கம்.

ருஸ்தாக் நகரைக் கடந்து, மலைக்குள் வளைந்து செல்லும் ஒரு வாதியை அடைந்தோம். கரை முழுவதும் கூர்ங்கற்கள். படுகையிலோ மெத்தைபோன்ற மணல். கோடையில் ஆற்று மணலில் அமர்ந்து நிலாச்சோறு உண்டு வளர்ந்த எங்களுக்கு அவ்விடம் ஊரையே நினைவூட்டியது. கூடாரங்களை மணலில் அடித்தோம், பாய்களை விரித்தோம், அடுப்பு மூட்டினோம். அருகிருந்த வேலமரத்தின் கிளைகளில், எங்கள் தலைக்கு மேலே, காய்ந்த புல்லும் சருகும் கொத்தாகச் சிக்கியிருந்தன. தூக்கணாங்குருவிக் கூடு என்று பிள்ளைகள் ஆரவாரித்தனர். நாங்களும் சிரித்தோம். அது கூடன்று, முன்பு வந்த வெள்ளம் விட்டுச்சென்ற அடையாளம் என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

பெரியவர் காட்டிய மலை

கதிரவன் சாயும் வேளையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு முதியவர் அவ்வழியே வந்தார். சலாம் கூறியபின், கூடாரங்களையும் பிள்ளைகளையும் பார்த்தார். கைத்தடியால் மலையைச் சுட்டினார்; பிறகு மணலைச் சுட்டினார். “வாதி, வாதி” என்று பலமுறை கூறினார். மலையுச்சியின் பின்னே கருமேகம் தெரிந்தது உண்மை. ஆனால் எங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாயிருந்தது. மஸ்கட்டில் மழையில்லை என்று தொலைபேசியில் கண்ட அறிவிப்பை நண்பர் ஒருவர் காட்டினார். சோறு பாதி வெந்திருந்தது. “இத்தனை பொருள்களையும் இனி யார் மேலே சுமப்பது?” என்று சலித்துக்கொண்டோம். பெரியவர் தலையை அசைத்துவிட்டு மெல்ல நடந்தார்.

அப்போது ஆச்சி எழுந்தார். “ஐயா, அவர் பேச்சு எனக்கு விளங்கவில்லை, அவர் காட்டியது விளங்கிற்று. குற்றாலத்தில் கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை அருவியில் இறங்கிவிடும். பிள்ளைகளை இங்கே உறங்க வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்” என்றார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் கரையேறத் தொடங்கவே, வேறு வழியின்றி முணுமுணுத்துக்கொண்டே நாங்களும் பின்தொடர்ந்தோம். படுகைக்கு ஆறேழு மீட்டர் மேலே இருந்த பாறைத்திட்டுக்கு வண்டிகளையும் கூடாரங்களையும் கொண்டு சேர்க்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அடுப்பையும் இரண்டு பாய்களையும் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

இரவு பதினொரு மணி இருக்கும். எங்கள்மேல் ஒரு துளி மழையும் விழவில்லை. முதலில் ஈரமண் வாசனையோடு குளிர்ந்த காற்று வந்தது. பின்னர் பல லாரிகள் ஒருங்கே வருவதுபோன்ற ஓசை. அது கற்கள் உருளும் ஒலி. கைவிளக்கின் ஒளியில், பழுப்புநிற நீர் சருகையும் மரக்கிளைகளையும் தள்ளிக்கொண்டு வளைவைச் சுற்றி வந்ததைக் கண்டோம். சில நிமிடங்களில் நாங்கள் பாய் விரித்திருந்த இடத்தில் ஓர் ஆள் உயரத்திற்கு வெள்ளம் ஓடியது. பிள்ளைகள் எட்டுப் பேரும் உறங்கிக்கொண்டிருந்தனர். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் நாணினோம்.

காரணம் என்ன?

அம்மலைகளில் மழைநீரை உறிஞ்சிக்கொள்ள மண்ணும் மரமும் மிகக் குறைவு. வெறும் பாறைமீது விழும் நீர் நின்று நிதானியாமல் நூற்றுக்கணக்கான ஓடைகள் வழியே இறங்கி, ஒரே இடுக்கில் கூடிவிடுகிறது. மழை பெய்த இடம் ஒன்று. வெள்ளம் வரும் இடம் வேறொன்று. 2024 ஏப்ரலில் ஓமானின் சமத் அல் ஷான் பகுதியில் பள்ளி மாணவர் சென்ற ஊர்தி இத்தகைய வெள்ளத்தில் சிக்கியதால் சிறுவர் பலர் மாண்டனர். வெள்ளம் ஓடும் வாதியில் வண்டியை இறக்குவது அங்கே சட்டப்படி குற்றமாகும்.

மணல்மீது வீடு கட்டியவனின் உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். அப்படியும் ஒரு மூடன் உண்டோ என்று எண்ணியதும் உண்டு. மணல் மிருதுவானது, சமமானது, காற்றுக்கு மறைவானது. பாறையோ கரடுமுரடானது, ஏறவும் கடினமானது. அறிவுடையோர் என்று தம்மைக் கருதுவோரும் மணலைத் தேர்ந்தெடுப்பது எதனால் என்பது அன்று எங்களுக்கு விளங்கியது.

பொழுது விடிந்ததும் அப்பெரியவர் பேரீச்சம்பழமும், ஏலம் மணக்கும் காப்பியும் கொண்டு வந்தார். பாறைத்திட்டில் எங்களைக் கண்டதும் பிள்ளைகளை விரலால் ஒவ்வொருவராக எண்ணினார். எட்டு எண்ணியபின் கைகளை உயர்த்தி இறைவனுக்கு நன்றி சொன்னார். முதற் குவளையை அவர் ஆச்சியிடம் நீட்டினார். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. ஆயினும் இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர்.

அன்பர்களே, அயலூரில் இரவு தங்க நேர்ந்தால், ஆற்றுப்படுகை எத்துணை வறண்டிருந்தாலும் அதில் படுக்காதீர்கள். மரக்கிளைகளில் வெள்ளத்தின் அடையாளம் உண்டா என்று பாருங்கள். உங்கள் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டுமன்று, மலைமேலுள்ள வானத்தையும் நோக்குங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அம்மண்ணில் வாழ்பவர் சொல்லையும், உங்கள் வீட்டு முதியோர் சொல்லையும் சோறு பாதி வெந்திருப்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள்.