இருப்பும் குருதியும் (வேம்பயர் சீட்டாட்டம்)

இருப்பு, குருதி ஆகியவை வேம்பயர்: தி எடர்னல் ஸ்ட்ரகிள் என்னும் சேகரிப்புச் சீட்டு விளையாட்டின் இரு வளங்கள் ஆகும். ஆட்டக்காரரிடம் இருப்பது இருப்பு. அவருடைய இரத்தக்காட்டேரிகளிடம் இருப்பது குருதி. இரண்டையும் குறிக்க ஒரே வகையான வில்லைகளே பயன்படுவதால், புதிதாக ஆடுவோர் இவற்றை ஒன்றெனக் கருதிக் குழம்புவதுண்டு. இவ்வேறுபாட்டை அறியாதவர், மேசை நிறைய வலிமையான காட்டேரிகளை வைத்துக்கொண்டே ஆட்டத்திலிருந்து வெளியேற நேரிடும்.

பின்னணி

இவ்விளையாட்டை வடிவமைத்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு. 1993இல் வெளிவந்த மேஜிக்: த கேதரிங் என்னும் சீட்டு விளையாட்டை உருவாக்கியவரும் இவரே. 1994இல் ஜிகாத் என்ற பெயரில் வெளியான இவ்விளையாட்டு, 1995இல் இப்போதைய பெயரைப் பெற்றது. 2000ஆம் ஆண்டு முதல் வொயிட் வுல்ஃப் நிறுவனம் இதை வெளியிட்டது. 2010இல் வெளியீடு நிறுத்தப்பட்டது. 2018 முதல் பிளாக் சான்ட்ரி நிறுவனம் மீண்டும் வெளியிட்டு வருகிறது.

ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் மெத்தூசலா எனப்படும் மிகத் தொன்மையான காட்டேரியின் இடத்தில் இருந்து ஆடுகிறார். அவர் நேரில் போரிடுவதில்லை. இளைய காட்டேரிகளைத் தம் வசப்படுத்தி, அவர்கள் மூலமாகவே செயற்படுகிறார். ஒவ்வொருவருக்கும் இடப்பக்கம் இருப்பவர் அவருடைய இரை; வலப்பக்கம் இருப்பவர் அவரை வேட்டையாடுபவர்.

வில்லை இருக்கும் இடமே அதன் பொருள்

ஆட்டத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் 30 வில்லைகள் தரப்படும். மீதமுள்ளவை நடுவில் பொதுவாக வைக்கப்படும். இதற்குக் குருதி வங்கி என்று பெயர். வில்லைகளுக்குப் பதிலாகப் புளியங்கொட்டை, சோழி போன்றவற்றையும் பயன்படுத்தலாம். ஒரு வில்லை என்னவென்பதை அது இருக்கும் இடமே தீர்மானிக்கிறது.

- ஆட்டக்காரர் முன் இருந்தால் அது இருப்பு. இது சுழியம் ஆனால் அவர் வெளியேற வேண்டும்.
- காட்டேரிச் சீட்டின் மேல் இருந்தால் அது குருதி. இது சுழியம் ஆனாலும் ஆட்டக்காரர் வெளியேறுவதில்லை. அந்தக் காட்டேரி தன் முறையில் வேட்டைக்குச் சென்றாக வேண்டும்.
- குருதி வங்கியில் இருந்தால் அது எவருக்கும் உரியதன்று.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா செய்து விற்பவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கையிலுள்ள பணத்தைக் கொடுத்துப் பாலும் சர்க்கரையும் வாங்குகிறார். வாங்கியவை அவருடைய உடைமையே. ஆனால் மாலையில் கடன்காரர் வந்து நின்றால் பாலை ஊற்றிக் கடனை அடைக்க முடியாது. இருப்பு கைப்பணம் போன்றது. குருதி பால் போன்றது.

இருப்பு குருதியாக மாறுதல்

ஒவ்வொரு முறையிலும் செல்வாக்குக் கட்டம் என்ற பகுதி உண்டு. அதில் ஆட்டக்காரருக்கு நான்கு மாற்றல்கள் கிடைக்கும். (ஆட்டத்தின் முதற்சுற்றில் மட்டும் முதலாமவருக்கு 1, இரண்டாமவருக்கு 2, மூன்றாமவருக்கு 3 எனக் குறைத்துத் தரப்படும்.) அவற்றை மூன்று வழிகளில் செலவிடலாம்.

- ஒரு மாற்றலுக்கு, இருப்பிலிருந்து ஒரு வில்லையை இன்னும் வசமாகாத காட்டேரி ஒன்றின் மேல் வைக்கலாம்.
- இரண்டு மாற்றல்களுக்கு, அத்தகைய காட்டேரியின் மேலுள்ள ஒரு வில்லையை இருப்புக்குத் திரும்ப எடுக்கலாம்.
- நான்கு மாற்றல்களையும் ஒரு இருப்பையும் செலவிட்டு, புதிய காட்டேரிச் சீட்டு ஒன்றைக் கட்டிலிருந்து எடுக்கலாம்.

ஒவ்வொரு காட்டேரிக்கும் கொள்ளளவு உண்டு. வில்லைகள் அந்த அளவை எட்டியதும் அது ஆட்டக்காரரின் வசமாகும். மேலிருந்த வில்லைகள் அதன் குருதியாக நிலைபெறும். இதன் பிறகு மேலே கூறிய இரண்டாம் வழி அதற்குப் பொருந்தாது. வசமாவதற்கு முன் திரும்பப் பெறுவது கடினம். வசமான பின் மாற்றல்களால் திரும்பப் பெறவே முடியாது. குழப்பங்களுள் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தோன்றுகின்றன.

செலவும் இழப்பும்

சீட்டுகளின் விலை இரு குறிகளால் காட்டப்படுகிறது. சிவப்புத் துளி இருந்தால் அச்சீட்டைப் பயன்படுத்தும் காட்டேரி தன் குருதியிலிருந்து செலுத்த வேண்டும். மண்டையோட்டுக் குறி இருந்தால் ஆட்டக்காரர் தம் இருப்பிலிருந்து செலுத்த வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்து ஈடு செய்ய இயலாது.

இழப்பும் இவ்வாறே. சண்டையில் ஏற்படும் காயத்தைக் காட்டேரி தன் குருதியைச் செலவிட்டு ஆற்றிக்கொள்கிறது. இரையின் மீது நிகழ்த்தப்படும் குருதி வடித்தல் என்னும் செயலோ இரையின் இருப்பைத் தாக்குகிறது. சிறப்புச் சீட்டுகள் இன்றி ஒரு காட்டேரி இச்செயலைச் செய்தால் ஒரு இருப்பு குறையும். அந்த வில்லை குருதி வங்கிக்கே போகும், வடித்தவருக்குக் கிடைக்காது. இரை வெளியேறும்போதுதான் வேட்டையாடுபவர் ஒரு வெற்றிப் புள்ளியையும், வங்கியிலிருந்து 6 இருப்பையும் பெறுகிறார்.

எடுத்துக்காட்டு

ஒருவர் 8, 6, 5 கொள்ளளவுள்ள மூன்று காட்டேரிகளை வசப்படுத்துகிறார். செலவு 19, எஞ்சும் இருப்பு 11. மேசையில் இன்னும் அவருடைய 30 வில்லைகளும் இருப்பது போலத் தோன்றும். ஆனால் அவரை வேட்டையாடுபவர் ஒவ்வொரு முறையும் மூன்று இருப்பை வடித்தால், நான்காம் முறையில் அவர் வெளியேறுவார். காட்டேரிகளின் மேலுள்ள 19 குருதியில் ஒரு துளியும் குறைந்திருக்காது. எனினும் அது அவரைக் காப்பாற்றாது.

குருதி மீண்டும் இருப்பாதல்

சில சீட்டுகள் இந்தத் தடையைத் தளர்த்துகின்றன. மினியன் டேப் என்னும் சீட்டு, வசமான காட்டேரியின் குருதியை இருப்புக்கு மாற்றுகிறது. பிளட் டால் என்னும் சீட்டு காட்டேரி ஒன்றின் மேல் நிலையாக இருந்து, முறைக்கு ஒரு வில்லையை இரு திசைகளில் ஒன்றில் மாற்ற இடமளிக்கிறது. காட்டேரி வேட்டைக்குச் சென்று வங்கியிலிருந்து ஒரு குருதி பெறும். அடுத்த முறையில் பிளட் டால் அதை இருப்பாக்கும். இவ்வாறு தேய்ந்த இருப்பைச் சிறிது சிறிதாக வளர்க்கலாம். ஆயினும் வேட்டைக்குச் சென்ற காட்டேரி அந்த முறையில் பொதுவாக வேறு செயல் எதையும் செய்ய முடியாது. இரையைத் தாக்குவதா, தன்னைக் காத்துக்கொள்வதா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுவதற்கு இதுவே காரணம்.

குருதி தானாகவே இருப்பாக மாறுமாயின், பெரிய காட்டேரிகளை வரிசையாக வசப்படுத்துவதில் இடர் எதுவும் இராது. இரு கணக்குகளும் பிரிந்திருப்பதாலேயே, எவ்வளவு செலவிடுவது, எவ்வளவைக் கையில் நிறுத்துவது என்பது ஆட்டத்தின் மையச் சிக்கலாகிறது.