முதல் எரரைத் தேடுங்கள்: சொந்தமாக ஓர் இயங்குதளம் கட்டும் கதை

விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல் பக்கம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்கள் வீட்டில், பரணிலோ பீரோ மேலேயோ ஒரு பழைய லேப்டாப் கிடக்கலாம். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது. தொடக்க காலத்தில் கொடுத்தவற்றில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று பாஸ். மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட ‘பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கமே பாஸ்.

சி-டாக் அதை வெறும் தரையிலிருந்து எழுப்பவில்லை. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்து, இந்திய மொழிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் ஏற்றபடி மாற்றியது. அப்படி மாற்ற முடிந்ததற்குக் காரணம், லினக்ஸின் மூலநிரல் திறந்து கிடப்பதுதான். சி-டாக்குக்கு இருந்த மாற்றும் உரிமை நமக்கும் உண்டு. மூலநிரலை இறக்கி, வேண்டாததை நீக்கி, நம் கணினிக்கென்றே ஓர் இயங்குதளத்தைக் கட்டிக்கொள்ளலாம்.

கட்டுவது என்றால் என்ன? மூலநிரல் என்பது மனிதர் படிக்கத் தக்க வரிகள். லினக்ஸின் மையமான கெர்னல் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. பிராசசருக்கு அது புரியாது. கம்பைலர் ஒவ்வொரு கோப்பாக எடுத்து இயந்திர மொழிக்கு மாற்றும். மாறிய துண்டுகளை லிங்கர் ஒன்றாகக் கோக்கும். எதை முதலில் செய்வது, எது ஏற்கெனவே முடிந்தது என்று கணக்கு வைத்து வேலை வாங்கும் மேஸ்திரியின் பெயர் ‘மேக்’.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் கெர்னல் சுமார் 10,000 வரிகள்தான். இன்று அது 4 கோடி வரிகளை ஒட்டி நிற்கிறது. அதில் பெரும்பங்கு, வைஃபை கார்டு, கேமரா என விதவிதமான வன்பொருள்களுக்கான டிரைவர்கள். நம் லேப்டாப்புக்கு அதில் சிறு பகுதி போதும். ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ என்ற வசதி, இப்போது பயன்பாட்டில் உள்ள டிரைவர்களை மட்டும் தேர்ந்து கட்டமைப்புக் கோப்பை எழுதித் தரும். பழைய கணினியில் மணிக்கணக்கில் இழுக்கும் வேலை இதனால் பெருமளவு குறையும். ஓர் எச்சரிக்கை: பென்டிரைவ், பிரின்டர் முதலியவற்றை முதலிலேயே செருகி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் இல்லாத பொருளின் டிரைவர் விடுபட்டுவிடும்.

கெர்னலோடு நிற்காமல் முழு இயங்குதளத்தையும் கட்ட விரும்புவோருக்கு, கெரார்ட் பீக்மன்ஸ் 1999இல் தொடங்கிய ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்’ வழிகாட்டி இருக்கிறது. அங்கே முதல் சிக்கலே வேடிக்கையானது: கம்பைலரைக் கட்டுவதற்கும் ஒரு கம்பைலர் வேண்டும். எனவே இருக்கும் கணினியின் கம்பைலரைக் கொண்டு தற்காலிகக் கருவிகளைக் கட்டி, அவற்றைக் கொண்டு நிரந்தரக் கருவிகளைக் கட்டுகிறார்கள். கோபுர வேலைக்குக் கட்டிய சாரத்தைப் போல, வேலை முடிந்ததும் தற்காலிகக் கருவிகளுக்கு இடமில்லை.

இதெல்லாம் ஒரே மூச்சில் முடிவது அபூர்வம். பாதியில் நின்று, திரையின் கடைசி வரியில் ‘எரர் 2’ என்று காட்டும். புதியவர்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு தேடுவார்கள். அதில் ஒன்றும் இல்லை. கீழே ஒரு வேலை தோற்றதை மேல்நிலை மேக் அறிவிக்கும் வரி அது, அவ்வளவுதான். மேக் ஒரே நேரத்தில் பல கோப்புகளைக் கம்பைல் செய்யும்போது, ஒன்று தோற்ற பிறகும் மற்றவை சிறிது நேரம் ஓடும். அதனால் உண்மையான காரணம் ஐம்பது, நூறு வரிகள் மேலே போய்விடும். வெளிவரும் வரிகளையெல்லாம் ஒரு கோப்பில் சேமித்து, ‘எரர்’ என்ற சொல்லையடுத்து முக்காற்புள்ளி வரும் முதல் இடத்தைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால், ஒரே ஒரு வேலையாக மறுபடி ஓட்டினால் நின்ற இடம் தெளிவாகத் தெரியும்.

அந்த வரி பெரும்பாலும் தெரிந்த சில வகைகளில் ஒன்றாக இருக்கும். ‘ஓப்பன்எஸ்எஸ்எல்வி டாட் எச்: நோ சச் ஃபைல்’ என்றால் ஹெடர் கோப்பு இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற அந்த மென்பொருள் கணினியில் இருந்தும் இப்படி வரலாம். ஓட்டுவதற்கான பேக்கேஜ் வேறு, கட்டுவதற்கான பேக்கேஜ் வேறு. டெபியன் குடும்பத்தில் பின்னதன் பெயர் ‘டெவ்’ என்று முடியும். அதை நிறுவினால் தீர்ந்தது.

டெபியனின் கட்டமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்தால், ஒரு பெம் கோப்பை உருவாக்க ‘நோ ரூல்’ என்று வேலை நிற்கலாம். அது டெபியன்காரர்கள் வைத்திருக்கும் சான்றிதழ்க் கோப்பு; லினஸின் மூலநிரலில் அது கிடையாது. கட்டமைப்பில் நம்பகச் சாவிகளுக்கான வரியைக் காலியாக்கினால் வேலை நகரும். பழைய மூலநிரலைப் புதிய கம்பைலரில் போட்டாலும் தகராறு வரும். 2020இல் வந்த ஜிசிசி 10 கம்பைலர், அதுவரை பொறுத்துக்கொண்ட இரட்டை வரையறைகளை ஏற்க மறுத்ததால், பழைய கெர்னல்கள் பல கட்ட முடியாமல் நின்றன.

மூலநிரலில் குற்றமே இல்லாமலும் கட்டும் வேலை தோற்கும். 2 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் பல வேலைகளை ஒன்றாக ஓட்டினால், நினைவகம் தீர்ந்து கெர்னலே கம்பைலரைக் கொன்றுவிடும். திரையில் ‘கில்டு’ என்ற சொல் தென்படும். வேலைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ரேமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கும் ஸ்வாப் இடத்தைக் கூட்ட வேண்டும். மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி செத்த கணினியில் கடிகாரம் பல வருஷம் பின்னே ஓடும். எந்தக் கோப்பு புதிது என்று நேரத்தைப் பார்த்தே மேக் முடிவு செய்வதால், ‘கிளாக் ஸ்கியூ’ என்று எச்சரித்துவிட்டு, செய்ததையே திரும்பச் செய்யும். அல்லது செய்ய வேண்டியதை விட்டுவிடும். லேப்டாப் பேட்டரியும் போய், பாதியில் கரண்ட் கட்டானால், அரைகுறையாக எழுதிய கோப்புகள் முடிந்தவை போல் கிடக்கும். அவற்றை ‘மேக் கிளீன்’ கொடுத்துத் துடைத்துவிட்டுத் தொடங்குவதே நல்லது.

இன்னொரு சோதனை உண்டு. அதே கட்டளையை மறுபடி ஓட்டும்போது அதே கோப்பில் நின்றால் பிழை மென்பொருளில். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் கம்பைலரே சரிந்தால் ரேமையும் சூட்டையும் சந்தேகிக்க வேண்டும். ஃபேனில் அடைந்த தூசியைத் தட்டினாலே சரியாகிவிடுவதும் உண்டு.

தொடங்க நினைப்பவர்கள் முழு இயங்குதளத்தில் கை வைக்காமல் கெர்னலில் தொடங்குங்கள். பழைய கெர்னலை அழிக்காதீர்கள். புதியது எழாவிட்டால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, செய்ததைக் குறித்து வையுங்கள். லினக்ஸின் அடிப்படைகளைத் தமிழில் படிக்க, கணியம் இணைய இதழ் வெளியிட்ட மின்னூல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. எரர் வந்தவுடன் டெர்மினலை மூடிவிடாமல், முதல் எரரை நிதானமாகப் படிக்கப் பழகியவருக்கு இதில் பாதி வேலை முடிந்த மாதிரி.