பழையனூர்ப் பேய் கேட்ட கேள்வி

ஐம்பெருங்காப்பியங்களின் பெயரை நம் வீட்டுப் பிள்ளைகள்கூட ஒப்பித்துவிடுவார்கள். ஐஞ்சிறுகாப்பியங்கள் என்றால் பெரியவர்களே சற்றுத் தயங்குவார்கள். அந்த ஐந்தில் ஒன்றுதான் நீலகேசி. பத்துச் சருக்கங்கள், 894 பாடல்கள். காலம் பத்தாம் நூற்றாண்டு என்பது பொதுவான கணிப்பு. பாடிய புலவர் தம் பெயரை எங்கும் சொல்லவில்லை. உரை எழுதிய சமய திவாகர வாமன முனிவர் பெயர் நிலைத்தது. மூலத்தையும் உரையையும் சேர்த்து 1936-இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அச்சேற்றினார். அவர் அதைச் செய்யாவிட்டால் நம் கைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகமே.

இக்காப்பியத்தின் தலைவி மனிதப் பெண் அல்லள், ஒரு பேய்.

கேரளத்தில் வாழும் நமக்கு நீலி புதியவள் அல்லள். கள்ளியங்காட்டு நீலியின் கதையை இங்கே பாட்டிமார் சொல்லாத வீடு இல்லை. 2025-இல் வந்த 'லோகா' மலையாளப் படத்தில் அந்த நீலியே ஊரைக் காக்கும் வீராங்கனையாகிவிட்டாள். பேரப்பிள்ளைகள் அதைக் கண் கொட்டாமல் பார்த்தார்கள். தமிழகத்தில் பழையனூர் நீலி உண்டு. கணவனால் கொல்லப்பட்டு, பேயாகத் திரும்பி வந்து பழி தீர்த்தவள். அவளுக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபது பேர் சொன்ன சொல் தவறாமல் உயிர் விட்டார்கள் என்பது கதை. ஞானசம்பந்தர் தேவாரத்திலேயே இதற்குக் குறிப்பு உண்டு. எல்லாக் கதையிலும் நீலிக்கு ஒரே வேலைதான், பயமுறுத்துவது. அந்த வேலையை விட்டுவிட்டு 'நான் எதற்காக இருக்கிறேன்?' என்று கேட்ட நீலி இந்தக் காப்பியத்து நீலி ஒருத்திதான்.

கதை இப்படிப் போகிறது. பாஞ்சால நாட்டில் பலாலயம் என்றொரு சுடுகாடு. அங்கே ஒரு காளி கோயில். அரசி பிள்ளை பெற்றதற்கு நேர்த்திக்கடனாக ஆடு வெட்டப் போகிறார்கள். அங்கே தவமிருந்த முனிச்சந்திரர், 'உயிர்ப்பலி வேண்டாம், மண்ணால் உருவம் செய்து வைத்தால் போதும்' என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். (நம் ஊர் ஐயனார் கோயில் மண்குதிரைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.) காளிக்குக் கோபம். முனிவரைத் தன்னால் விரட்ட முடியாமல், தென்னாட்டுப் பழையனூரிலிருந்து நீலியை வரவழைக்கிறாள். நீலி உறுமுகிறாள், நெருப்பைக் கக்குகிறாள், முனிவர் அசையவில்லை. சரி, இது வேறு வழியில் மடங்கும் என்று அரசகுமாரி வேடத்தில் வருகிறாள். அவர் பார்த்தவுடனே கண்டுகொள்கிறார்.

வேடம் கலைந்த பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடித்த கட்டம். அவள் ஓடிப்போகவில்லை. இந்த மனிதருக்கு ஏன் பயமில்லை என்று யோசிக்கிறாள், அறம் கேட்கிறாள். கேட்டு முடித்து, 'இதற்குக் கைம்மாறாக நான் என்ன செய்ய?' என்கிறாள். 'போய் இதையே பிறருக்குச் சொல்' என்கிறார் முனிவர். ஏவலுக்கு வந்த பேய்க்குச் சொந்தமாக ஒரு வேலை கிடைத்துவிட்டது.

பிறகு ஊர் ஊராக வாதம். முதலில் எதிர்ப்படுபவள் குண்டலகேசி. அவளும் லேசான ஆள் அல்லள். பௌத்த நூல்களின்படி, கொல்ல வந்த கள்வக் கணவனை மலையிலிருந்து தள்ளிவிட்டு, முதலில் சமணத் துறவியாகி, நாவல் கிளை நட்டு வாதத்துக்கு அழைத்துத் திரிந்து, கடைசியில் சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தம் புகுந்தவள். அவள் பெயரால் இருந்த தமிழ்க் காப்பியம் அழிந்து சில பாடல்களே மிஞ்சின. தேடி அலைந்த இரண்டு பெண்கள் நேருக்கு நேர் நிற்கிறார்கள்.

வாதத்தின் சாரம் இது. எல்லாம் கணந்தோறும் அழிந்து புதிதாகத் தோன்றுகிறது, நிலையான 'நான்' கிடையாது என்பது பௌத்தர் கட்சி. அப்படியானால் வினை செய்தவன் ஒருவன், பயன் துய்ப்பவன் வேறொருவன் ஆகிவிடாதா என்பது நீலகேசியின் கேள்வி. வியாபாரி பாஷையில் சொன்னால், கடன் வாங்கியவன் நேற்றோடு போய்விட்டான், இன்று நிற்பவன் வேறு ஆள் என்றால் நான் யாரிடம் வசூல் செய்வது? பௌத்தர்களிடம் இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. விளக்குச் சுடர் போல ஒரு தொடர்ச்சி உண்டு என்பார்கள். நம் புலவர் அவர்களைக் கொஞ்சம் சீக்கிரமாகவே தோற்கடித்துவிடுகிறார். எங்கள் சமயத்து நூல் என்றாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

சமணம் சொல்லும் வழி வேறு. பொருள் நிலைக்கும், அதன் நிலைகள் மாறும். சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சையில் இதற்குப் பொன்னை உவமை காட்டுகிறார். பொற்குடத்தை உருக்கி மகுடம் செய்தால், குடம் கேட்டவன் அழுவான், மகுடம் கேட்டவன் மகிழ்வான், பொன்னை மட்டும் பார்ப்பவன் சும்மா இருப்பான். நான் பாத்திர வியாபாரி. பழைய பித்தளைக் குடத்தைப் போட்டுவிட்டுக் குத்துவிளக்கு வாங்கிப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். தராசுக்குக் குடமும் விளக்கும் ஒன்றுதான்.

எல்லை தாண்டி வந்த நமக்கு இந்தக் கேள்வி புத்தகத்தோடு முடிவதில்லை. இங்கே 'நீங்கள் தமிழா?' என்கிறார்கள். ஊருக்குப் போனால் 'மலையாளத்தார் வந்துட்டாங்க' என்கிறார்கள். மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் நாலு தலைமுறை கழித்தவர்களுக்கும் இதே கதை. என் பாடு இன்னும் ஒரு படி மேலே. ஜைனர் என்றால் 'சேட்டா? மார்வாடியா?' என்பதுதான் அடுத்த கேள்வி. வந்தவாசி, திண்டிவனம் பக்கத்தில் நெல் விளைவிக்கும் தமிழ் ஜைனர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள் என்று விளக்குவதற்குள் பஸ் வந்துவிடும். பாலக்காட்டு ஜைனிமேடு, குமாரன் ஆசான் 1907-இல் 'வீணபூவு' எழுதிய இடம் என்று இங்குள்ள படித்தவர்களுக்குத் தெரியும். அங்கே கோயில் கொண்டிருக்கும் சந்திரப்பிரபரைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

மொக்கலர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி என்று ஒவ்வொருவராகக் கடந்து நீலகேசி கடைசியில் பூதவாதியிடம் வருகிறாள். அவன் பெயர் பிசாசகன். புலவருக்குக் குறும்பு அதிகம். உடம்பு பூதங்களின் கூட்டு, கூட்டுப் பிரிந்தால் அறிவும் போயிற்று, உயிர் என்று தனியாக ஒன்றும் இல்லை என்கிறான். அவள் பேசிப் பார்க்கிறாள். பிறகு, முதல் சருக்கத்தோடு மறைத்து வைத்த தன் பழைய பேயுருவை அரசவையில் எடுத்துக் காட்டுகிறாள். பிசாசகன் நடுங்கிப்போகிறான். 'இல்லை என்றாயே, இதோ நிற்கிறேன்' என்பதுதான் அவளுடைய வாதம்.

இது தருக்கமா மிரட்டலா என்று கேட்கலாம். நானும் நியாயமான கேள்வி என்றே சொல்வேன். ஆனால் அதே உருவத்தை வைத்துத்தானே முனிவரைப் பயமுறுத்த வந்தாள்? அன்று அது வேறொருத்தி ஏவிய ஆயுதம். இன்று அவளே கொண்டுவந்த சாட்சி. அறம் கேட்டவள் பேயுருவைக் கழற்றி எறிந்துவிடவில்லை. குமுளிக்கு மேலே மங்கலதேவியில் இருக்கும் கண்ணகியைப் போல இவள் தெய்வமும் ஆகவில்லை. பழையனூர் நீலியாகவே கடைசிவரை இருக்கிறாள்.

புதிதாகப் படிப்பவர்கள் வரிசைப்படி போக வேண்டாம். முதல் சருக்கத்தை முடித்துவிட்டு நேரே பத்தாவதுக்குப் போங்கள். நடுவிலுள்ள எட்டு வாதங்களில் உரை இல்லாமல் இறங்க முடியாது. பெருமழைப்புலவர் சோமசுந்தரனார் உரை கிடைத்தால் ஒரு இடவப்பாதி மழைக்காலம் முழுக்கப் போதும்.