நெடுஞ்சாலையைப் பிடித்து நிற்கும் போல்ட்டுகள்

2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை போன்ற நெடுஞ்சாலைகளில் தடுப்புவேலி, வழிகாட்டிப் பலகை, எஃகுப் பாலம் ஆகியவற்றை இணைப்பவை போல்ட்டுகளே. இவற்றுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1367, கட்டுமானங்களுக்கான உயர்வலு போல்ட்டுகளுக்கு ஐ.எஸ். 3757.

போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், அது சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசை தாங்க வேண்டும். அதில் 80 சதவீதமான 640 வரை நிரந்தரமாக நீளக் கூடாது.

ஆய்வில் முதலில் தயாரிப்பாளர் முத்திரையும் சோதனைச் சான்றிதழும் சரிபார்க்கப்படும். பிறகு மாதிரிகளை எடுத்து இழுவிசை, கடினத்தன்மை, துத்தநாகப் பூச்சின் தடிமன் ஆகியவற்றைச் சோதிப்பார்கள். பூச்சுக்கு முன் அமிலத்தில் கழுவும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்தால், 10.9 போன்ற மிகக் கடினமான போல்ட் முறுக்கிய பின் திடீரென உடையக்கூடும். எனவே பூச்சு முறையையும் கண்காணிப்பது அவசியம். இறுதியாக, போல்ட்டைப் பொருத்திய பின் முறுக்கின் அளவைச் சரிபார்க்க வேண்டும்: தளர்ந்தால் இணைப்பு நழுவும், மிகையானால் மரை சிதையும்.